ஏழு மஞ்சள் பூக்கள்

காலை ஆறரை மணிக்கெல்லாம் பர்மாவின் மிங்கலாடோன் சந்தையில் குழந்தைவேலுவின் பானைக் கடை திறந்துவிடும். குயவர் ஊரான த்வாண்டேயிலிருந்து லாரியில் வந்து இறங்கிய தண்ணீர்ப் பானைகளை வைக்கோலுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுப்பார். இடது கையில் அணைத்து, இடது காதோரம் பிடித்துக்கொண்டு, வலது கை விரலை மடக்கி ஒரு தட்டு தட்டுவார். மணி அடித்தது போல ஒலி நின்று கேட்டால் நல்ல பானை. 'டொக்' என்று உயிரில்லாமல் கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டு என்று பொருள். விரிசல் விட்ட பானையை அவர் பாதி விலைக்குக்கூடக் கொடுக்கமாட்டார். அங்கேயே போட்டு உடைத்துவிடுவார். அவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிச் சேர்த்த பணத்தில் வைத்த கடை. "அந்தக் கடைப் பானை ஒழுகாது" என்று தமிழரும் பர்மியரும் சொல்லும் ஒரு சொல்தான் அந்தக் குடும்பத்தின் சொத்து.

அன்றும் தட்டிக்கொண்டிருக்கும்போது சட்டைப் பையில் கைப்பேசி ஒலித்தது. பானையை மெதுவாக வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு திரையைத் திறந்தார். மகள் பூர்ணா படிக்கும் ஐந்தாம் வகுப்பின் இணையப் பக்கம் வந்தது. அவளுடைய ஆசிரியை மஞ்சுளா தாமே உருவாக்கிய பக்கம் அது. வீட்டுப்பாடம், விடுமுறை, பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அதில் வரும். ஒவ்வொரு பெற்றோருக்கும் தனியாக ஒரு கடிதப் பெட்டியும் உண்டு. அதைப் பெற்றோரின் கடவு எண் போட்டுத்தான் திறக்க முடியும். கடிதத்தின் அடியில் 'படித்துவிட்டேன்' என்று பர்மிய மொழியில் ஒரு பச்சைப் பொத்தான். ஒரு மாதத்தில் வந்த எல்லாக் கடிதங்களுக்கும் அதை அழுத்திய பெற்றோரின் பெயருக்குப் பக்கத்தில் மாத முடிவில் ஒரு மஞ்சள் படௌக் பூ மலரும்.

குழந்தைவேலு பச்சையை அழுத்தினார்.

"என்ன கோ வேலு, கடுதாசி வந்து இறங்கல, அதுக்குள்ள அமுக்கியாச்சா? சயாமான்னா அவ்வளவு பயமா?" என்று பக்கத்து டீக்கடை யாசர் கேட்டார். அந்த ஊரில் தமிழரும் ஆணின் பெயருக்கு முன் மரியாதைக்குக் 'கோ' சேர்ப்பார்கள், ஆசிரியையைச் சயாமா என்பார்கள்.

"பயமில்லய்யா, மரியாத. இதைப் பாரு." கைப்பேசியை நீட்டினார். "ஏழு மாசம், ஏழு பூ. முப்பத்திரண்டு பிள்ளைங்க படிக்கிற வகுப்புல ஏழும் வாங்கின தகப்பன் நான் ஒருத்தன்தான்."

"அப்படி என்னதான் எழுதுறாங்க?"

"எல்லாம் படிப்பு விஷயம். உனக்கு எதுக்கு? டீயைக் கொண்டா."

அவருக்குப் படிக்கத் தெரியாது.

பர்மிய மொழியில் சந்தையே வாய் பிளக்கப் பேரம் பேசுவார். தமிழில் கோயில் கூட்டத்தில் பேசுவார். ஆனால் எழுத்து எந்த மொழியிலும் அவருக்குக் கைகூடவில்லை. எட்டு வயதில் பள்ளியை விட்டு அப்பாவோடு லாரியில் ஏறியவர். கணக்கெல்லாம் மனதிலேயே இருந்ததால் இத்தனை வருடம் யாருக்கும் அது தெரியவில்லை. மனைவி கலா மட்டும் அறிவாள். அவள் தையல் ஆலைக்கு விடியுமுன் போய் இருட்டும் வேளையில் திரும்புகிறவள். அவளுக்கும் எழுத்து வராது. "கடுதாசியெல்லாம் யாரு படிச்சுச் சொல்றா?" என்று ஒருமுறை கேட்டாள். "யாசர் படிச்சுச் சொல்றான். எல்லாம் நல்லபடியாத்தான் இருக்கு" என்றார். பூர்ணாவை அந்தப் பெட்டியைத் தொடவிடவில்லை. "அது பெரியவங்க கடுதாசி. பிள்ளைங்க படிக்கக் கூடாது" என்று சொல்லிவைத்திருந்தார். தகப்பனுக்கு எழுத்து தெரியாது என்பது மகளுக்குத் தெரிந்துவிட்டால் தலை நிமிர்ந்து அவள் முன்னால் எப்படி நிற்பது?

தலை நிமிர்ந்து நிற்க நினைப்பது குற்றமல்ல. எதை மறைத்துக்கொண்டு நிற்கிறோம் என்பதில்தான் குற்றம் இருக்கிறது.

பூர்ணாவுக்குப் பத்து வயது. கன்னத்தில் தணக்கா மரப்பட்டை அரைத்துப் பூசி, இரட்டைப் பின்னல் போட்டு, 'ஃபெரி' என்கிற பள்ளி வண்டியில் ஏறிப் போகிற பிள்ளை. சில மாதங்களாகவே அவளிடம் ஒரு மாற்றம். கூப்பிட்டால் திரும்புவதில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டால்தான் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்ப்பாள். மழைக்காலத்தில் அவளுக்குக் காது வலித்துச் சீழ் வந்தது. கலா பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி விட்டாள். வலி நின்றது. அதோடு அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

"கூப்பிட்டா ஏன்னு கேக்காத பிள்ளை நம்ம குடும்பத்துலயே கிடையாது. யாரைப் பாத்துக் கத்துக்கிட்ட?" என்று குழந்தைவேலு கடிந்துகொள்வார்.

"கேக்கலப்பா."

"கேக்கலயா, கேக்கப் பிடிக்கலயா?"

பூர்ணா தலையைச் சாய்த்தபடியே நிற்பாள். அதையும் அவர் திமிர் என்றே எடுத்துக்கொண்டார்.

தைப்பூசத்துக்குக் கோயில் வாசலில் தண்ணீர்ப் பந்தல் வைக்கப் பன்னிரண்டு பானை வேண்டும் என்று தர்மகர்த்தா கார்த்திகேசன் கேட்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை லாரிக்காரரோடு பேசப் போகவேண்டியிருந்ததால் பானைகளைத் தட்டிப் பார்க்கும் வேலையை மகளிடம் விட்டுப் போனார். எட்டு வயதிலேயே அவள் அதில் கெட்டிக்காரி. தாம் பிடிப்பது போலவே இடது காதோரம் பிடிக்கவேண்டும், பிடியை மாற்றக்கூடாது என்று அவர்தான் பழக்கியிருந்தார்.

பூசத்தன்று காலை கார்த்திகேசனே கடைக்கு வந்தார். நெற்றி நிறைய விபூதி. உடன் வந்த ஆள் கையில் இரண்டு பானைகள். அடியில் ஈரம்.

"வேலு, இது உன் கடைப் பானையா?"

"ஆமாங்கய்யா."

"ஊத்தின தண்ணி பூராவும் வாசல்ல ஓடுதுப்பா. கும்பிட வந்த ஜனம் வழுக்கி விழுது. உங்கப்பா காலத்துல இப்படி நடந்திருக்கா?"

சந்தையே பார்த்தது. குழந்தைவேலு இரண்டு பானைகளையும் வாங்கி, கார்த்திகேசன் கண்ணெதிரில் தரையில் அடித்து உடைத்தார். வேறு இரண்டைத் தட்டிப் பார்த்துத் தாமே தோளில் சுமந்து கோயிலில் வைத்துவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் மகளை நிற்கவைத்துக் கேட்டார்.

"கவனத்தை எங்க வச்சிருந்த?"

"எனக்கு எல்லாப் பானையும் ஒரே மாதிரிதான் கேட்டுச்சுப்பா."

"பொய் வேறயா? இனிமே கடைப் பக்கம் வராதே."

பூர்ணா அழவில்லை. கடை மூலையில் தனக்கென்று வைத்திருந்த சின்ன மணையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அந்த மணையைத் தூக்கிக்கொண்டு வந்தது கலாவுக்குத்தான் தாங்கவில்லை.

பத்து நாள் கழித்து பூர்ணா ஒரு செய்தியோடு வந்தாள். பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஏழு பூ வாங்கிய ஒரே பெற்றோர் என்பதால் அப்பா மேடையில் ஐந்து நிமிடம் பேசவேண்டும் என்று சயாமா சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையைக் குழந்தைவேலு பார்த்தார். பானைக் கோபமெல்லாம் கரைந்துவிட்டது.

கூட்டத்தன்று புது லுங்கி கட்டி, கல்யாணங்களுக்கு மட்டும் போடும் தைப்போன் மேல்சட்டையை மாட்டிக்கொண்டார். கலா ஆலையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு உடன் வந்தாள். பள்ளி வராந்தாவில் மஞ்சுளா ஓடி வந்து வரவேற்றார். தகப்பனார் தமிழர், தாயார் பர்மியப் பெண்மணி; இரண்டு மொழியும் அவர் வாயில் கலந்தே வரும்.

"வாங்க கோ வேலு அண்ணே. உங்களை நேர்ல பாக்கவே முடியறதில்ல. காது டாக்டர் என்ன சொன்னாரு?"

குழந்தைவேலுவுக்கு விளங்கவில்லை. "டாக்டரா?"

"அதாண்ணே, பூர்ணாவுக்கு இடது காது சரியா கேக்கல, உடனே ஆஸ்பத்திரிக்குக் காட்டுங்கன்னு நாலு கடுதாசி போட்டேனே. முதல் கடுதாசி செப்டம்பர்ல. நாலுக்கும் பச்சை அமுக்கியிருந்தீங்க. காட்டியிருப்பீங்கன்னுதான் நானும் போன் பண்ணல."

நாலு கடிதம். நாலு பச்சை. கூப்பிட்டால் சாய்கிற தலை. ஒரே மாதிரி கேட்ட பானைகள். எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து அவர் முன்னால் நின்றன. பக்கத்தில் மூன்று நான்கு பெற்றோர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய் தானாகவே சொன்னது:

"காட்டினோம் சயாமா. ஒண்ணும் இல்லேன்னுட்டாரு."

கலா திடுக்கிட்டுக் கணவனைப் பார்த்தாள். மஞ்சுளா நிம்மதியாக மூச்சுவிட்டார். "அப்பாடா! நான் ரொம்பப் பயந்துட்டேன். முன் வரிசையில அவளை உக்கார வச்சிருந்தேன். இனி பழைய இடத்துக்கே அனுப்பிடலாம். என்ன பூர்ணா, டாக்டர் ஒண்ணும் இல்லேன்னாரா?"

பூர்ணா தலையைச் சாய்த்து, வலது காதால் கேட்டாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். எந்த டாக்டரையும் அவள் பார்த்ததில்லை. அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்பதும் அவளுக்குத் தெரியாது. ஆனால் அப்பா சொன்ன வார்த்தை நாலு பேர் முன்னால் கீழே விழக்கூடாது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஆமா சயாமா. ஒண்ணும் இல்லேன்னாரு" என்றாள்.

குழந்தைவேலு மகளைப் பார்த்தார். தம் பொய்யைப் பத்து வயதுப் பிள்ளை தன் தோளில் வாங்கிக்கொண்டு நிற்கிறது. அதற்கு விலையாக அது கொடுக்கப்போவது தன் காதை. இதைத்தான் குடும்ப மானம் என்று அவளுக்கு நாம் கற்றுக்கொடுத்திருக்கிறோமா என்று நினைத்தார்.

அதற்குள் மேடைக்கு அழைத்துவிட்டார்கள்.

பின்னால் பெரிய திரையில் வகுப்பின் இணையப் பக்கம் தெரிந்தது. அவர் பெயருக்குப் பக்கத்தில் ஏழு மஞ்சள் பூக்கள். எல்லோரும் கை தட்டினார்கள். முன் வரிசையில் கலா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் பூர்ணா, தலை சாய்த்தபடி.

குழந்தைவேலு ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு திரையில் இருந்த பூக்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பர்மிய மொழியில் பேசினார்.

"எனக்குப் பானை வியாபாரம். விரிசல் விட்ட பானையை நான் விக்கிறதில்ல. உடைச்சிருவேன். அதுதான் எங்க குடும்ப மானம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

எல்லோரும் புன்னகை செய்தார்கள். ஏதோ அழகான பேச்சு வரப்போகிறது என்று நினைத்தார்கள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது."

புன்னகைகள் நின்றன.

"இந்த ஏழு பூவும் பொய்ப் பூ. சயாமா எழுதின ஒரு எழுத்துகூட நான் படிச்சதில்ல. யாரையும் படிச்சுச் சொல்லச் சொல்லவும் இல்ல. கேட்டா எனக்குத் தெரியாதுங்கறது வெளிய வந்துருமே! பச்சையை மட்டும் அமுக்கினேன். என் மகளுக்குக் காது கேக்கலன்னு சயாமா நாலு தடவ எழுதியிருக்காங்க. நாலு தடவையும் படிச்சேன்னு அமுக்கினேன். அமுக்கிட்டு வீட்டுக்குப் போயி, கூப்பிட்டா திரும்பலன்னு அந்தப் பிள்ளையைத்தான் திட்டினேன். இப்ப வெளிய நின்னு டாக்டர்கிட்ட காட்டினதா சயாமாகிட்ட சொன்னேன். அதுவும் பொய். எம் மவ என் முகத்துக்காக ஆமான்னா." மகள் பக்கம் கையை நீட்டினார். "பிள்ளை பொய் சொல்லல. நான் சொல்ல வச்சேன்."

மேடையை விட்டு இறங்குவதா நிற்பதா என்று தெரியாமல் அவர் நின்றபோது பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். பெயர் ரஹீமா, பக்கத்துத் தெருவில் பராட்டாக் கடை வைத்திருப்பவர்.

"எனக்கும் படிக்க வராது சயாமா. என் வீட்டுல அமுக்கறது என் மவதான். அவ மார்க் குறைஞ்ச கடுதாசியையும் அவளே படிச்சு அவளே அமுக்கிர்றா!"

சிரிப்பு எழுந்தது. அது யாரையும் குத்தாத சிரிப்பு. அதன் துணிவில் கண்ணாடி போட்ட ஒருவர் கையைத் தூக்கினார்.

"நான் அமீர் அலி. ஆபீசுல எழுத்து வேலை. எனக்கு மூணு மொழி படிக்க வரும். நானும் படிக்காமத்தான் அமுக்குறேன். என்னை எந்தக் கணக்குல சேப்பீங்க?"

இந்தத் தடவை குழந்தைவேலுவே சிரித்துவிட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மஞ்சுளா மேடைக்கு வந்து அவர் பக்கத்தில் நின்றார். "தப்பு என் பேர்லயும் இருக்கு. பூ வந்திருக்கா இல்லையான்னு பாத்தேனே தவிர, பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போச்சான்னு பாக்கல. ஒரு பொத்தானை நம்பிட்டு, எட்டு மாசத்துல ஒரு தடவகூட அண்ணனோட கடைக்கு நான் போகல" என்றார். அன்றே திரையில் எல்லோர் முன்னிலையிலும் பூக்களை எடுத்துவிட்டார்.

மறுநாள் காலை கடை திறக்கவில்லை. மூவரும் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றார்கள். டாக்டர் விளக்கு வைத்துக் காதுக்குள் நெடுநேரம் பார்த்தார்.

"செவிப்பறையில ஓட்டை இருக்கு. உள்ளே இன்னும் சீழ். எண்ணெய் ஏதாச்சும் விட்டீங்களா?"

"பூண்டு எண்ணெய்" என்றாள் கலா, மெல்லிய குரலில்.

"இனி விடாதீங்க. நாலு மாசம் முன்னாடியே வந்திருந்தா அநேகமா மருந்தோட போயிருக்கும். இப்ப மருந்து போட்டுக் காய வச்சு, அப்புறம் ஒரு ஆபரேஷன் பண்ணணும். கேக்குற சக்தி பெரும்பாலும் திரும்பும். முழுசா திரும்பும்னு நான் சொல்லமாட்டேன். இன்னும் தள்ளிப் போட்டிருந்தீங்கன்னா..." டாக்டர் மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார்.

வெளியே வந்ததும் குழந்தைவேலு மகளின் வலப்பக்கம் போய்க் குனிந்தார். "அப்பாவை மன்னிச்சிரும்மா" என்றார்.

பூர்ணா யோசித்தாள். "நான் மறுபடி கடைக்கு வரலாமாப்பா?" என்று கேட்டாள்.

அடுத்த வாரம் வகுப்பின் இணையப் பக்கம் மாறியிருந்தது. ஒவ்வொரு கடிதத்தோடும் ஆசிரியையின் குரலும் வந்தது, பர்மிய மொழியில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. பச்சைப் பொத்தானுக்குக் கீழே இன்னொரு பொத்தான்: 'எனக்கு விளங்கவில்லை, கூப்பிடுங்கள்.' அதை அழுத்துவோருக்கு அன்று மாலைக்குள் மஞ்சுளாவே போன் செய்தார். முதல் நாளே பதினோரு பேர் அழுத்தினார்கள். அவர்களில் அமீர் அலியும் ஒருவர்.

குழந்தைவேலு அந்த வாரம் வந்த கடிதத்தை இரண்டு தடவை காதில் வைத்துக் கேட்டார். பிறகும் பச்சையை அழுத்தவில்லை. கைப்பேசியோடு டீக்கடைக்குப் போனார்.

"யாசர், இதுல சயாமா என்ன எழுதியிருக்காங்கன்னு எழுத்து எழுத்தா காட்டு. குரல் சொல்றது எது, எழுத்து எதுன்னு பாத்துக்கறேன்."

யாசர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எட்டு மாசமா நானா உனக்குப் படிச்சுச் சொன்னேன்? கூட்டத்துக்கு முந்தின நாள் கலா தங்கச்சி வந்து எனக்கு நன்றி சொல்லிட்டுப் போச்சுய்யா. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல."

"அதுக்கும் சேத்துத்தான் இப்ப சொல்லிக் குடுங்கறேன்."

"கத்துக் குடுத்தா எனக்கு என்ன தருவ?"

"ஒழுகாத பானை ஒண்ணு."

கடையில் பூர்ணா தன் மணையைப் பழைய மூலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடது காதில் பஞ்சு. புதிதாக வந்த பானையை வழக்கம் போல இடது கையில் அணைத்தாள். குழந்தைவேலு வந்து, பானையை அவள் கையிலிருந்து வாங்கி, வலது காதோரம் வைத்துப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்.

"இப்படிப் பிடிச்சாத்தான் சரின்னு நீங்க சொன்னீங்களேப்பா?"

"சொன்னேன். அது எனக்குச் சரி. உனக்கு எதுல கேக்குதோ அதுதான் சரி. தட்டு."

தட்டினாள். ஒலி மணி போல நின்றது. அவள் முகமும் மலர்ந்தது. அடுத்ததைத் தட்டினாள். 'டொக்.' உடனே அப்பாவைப் பார்த்தாள்.

"விரிசல்" என்றாள்.

"ஆமா" என்றார் குழந்தைவேலு. அந்தப் பானையை உடைக்காமல் சற்றுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு யாசருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இங்க பாரும்மா. தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னா ஒரு நிமிஷம் தலை குனியும், அவ்வளவுதான். தெரிஞ்ச மாதிரி நடிச்சா, நம்ம குனியாத தலைக்கு நம்ம பிள்ளைங்க விலை குடுக்கணும். அந்த மானம் நம்ம வீட்டுக்கு வேணாம்."